கடற்கரை வீட்டு ஹோலுக்கு எந்தத் திரை? எல்.ஈ.டி.யா, ஓ.எல்.ஈ.டி.யா, புரொஜெக்டரா?

கல்லடி வாசி:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீடு கல்லடியில் கடற்கரைக்குக் கிட்ட இருக்கிறது. ஹோல் பதினைந்து அடி நீளம், பன்னிரண்டு அடி அகலம். கிழக்குச் சுவரில் இரண்டு பெரிய யன்னல்கள். காற்றுக்காக அவை பகல் முழுவதும் திறந்தே கிடக்கும். இப்போது இருக்கும் 32 அங்குல டிவியின் கீழ்ப்பாதி இருண்டுவிட்டது, புதிதாக வாங்கியாக வேண்டும்.

பகலில் அம்மாவும் மாமியும் நாடகம் பார்ப்பார்கள். அப்பாவுக்குக் காலையிலும் இரவிலும் செய்தி. விடுமுறை என்றால் மருமக்கள் வந்து கேம் விளையாடுவார்கள். கிரிக்கெட் நடந்தால் பக்கத்து வீட்டாரும் சேர்ந்துவிடுவார்கள், கதிரை போதாமல் பாய் விரித்து உட்காருவோம். கையில் மூன்று இலட்சம் ரூபாய் வைத்திருக்கிறேன். கொஞ்சம் கூடினாலும் சமாளிப்பேன்.

கட்டாரில் இருக்கும் மைத்துனர் ஓ.எல்.ஈ.டி.தான் வாங்க வேண்டும், வரும்போது தானே கொண்டுவருகிறேன் என்கிறார். நகரத்துக் கடையில் கியூ.எல்.ஈ.டி. என்று ஒன்றைக் காட்டினார்கள். இதே காசுக்குப் புரொஜெக்டர் வாங்கினால் 100 அங்குலப் படம் கிடைக்கும் என்கிறார் ஒரு நண்பர். கொழும்பில் பாவித்த 50 அங்குலப் பிளாஸ்மா ஒன்றும் மலிவாக வருகிறது. ஒவ்வொருவர் சொல்வதும் சரியாகவே படுகிறது. நம் பகுதி வீடுகளில் வைத்துப் பாவித்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


காத்தான்குடிப் பந்து ரசிகன்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். தம்பி, யோசிக்கவே வேண்டாம், புரொஜெக்டர் வாங்குங்கள். 2022 உலகக் கிண்ணக் கால்பந்து இறுதியாட்டம் நம் நேரப்படி இரவு எட்டரைக்குத் தொடங்கியது. எங்கள் வளவில் வெள்ளைத் துணி கட்டி, தெருவே கூடிப் பார்த்தோம். மெஸ்ஸியும் எம்பாப்பேயும் மாறி மாறிக் கோல் அடித்த அந்த ஆட்டத்தை ஒரு பெட்டிக்குள் பார்த்தவர்களுக்கு நாங்கள் பார்த்தது புரியாது. பத்துப் பேர் கூடும் வீட்டுக்குப் பெரிய படம்தான் வேண்டும்.


வாழைச்சேனைப் பழுது மேசை:

டிவி திருத்துவது என் தொழில். வாங்குவதற்கு முன் வீட்டைப் பாருங்கள் என்றுதான் யார் கேட்டாலும் சொல்வேன். கடையில் எல்லாத் திரையும் அழகாகத்தான் தெரியும், ஏனென்றால் அங்கே யன்னல் இல்லை.

காத்தான்குடிக் காக்கா சொல்வது இரவுக்குப் பொருந்தும். ஆனால் கல்லடித் தம்பியின் வீட்டில் அதிக நேரம் டிவி ஓடுவது பகலில். அம்மாவும் மாமியும் நாடகம் பார்க்க இரண்டு பெரிய யன்னல்களையும் மூடி, கச்சான் காற்றுக் காலத்து வெக்கையில் உட்கார முடியுமா?

இன்னொன்று, மலிவுப் புரொஜெக்டர்களின் ஒளிப்பாதை மூடியிருப்பதில்லை. கடற்காற்றும் தூசியும் சிறு பூச்சியும் உள்ளே போய்ப் படத்தில் மங்கலான பொட்டுகளாகத் தெரியும். என் மேசைக்கு வரும் புரொஜெக்டர்களில் பெரும்பாலானவை இதற்காகத்தான் வருகின்றன.


அக்கரைப்பற்று பௌதிகவியல்:

நான் பாடசாலையில் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். இதை ஊகத்துக்கு விடாமல் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

100 அங்குலப் படம் 2.21 மீற்றர் அகலம், 1.25 மீற்றர் உயரம். பரப்பு ஏறத்தாழ 2.76 சதுர மீற்றர். லுமென் என்பது கருவி பாய்ச்சும் மொத்த ஒளியின் அளவு, நிட்ஸ் என்பது திரை கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தின் அளவு. உண்மையாகவே 2000 லுமென் தரும் புரொஜெக்டர், சாதாரண வெள்ளைத் திரையில் ஏறத்தாழ 230 நிட்ஸ் பிரகாசம் தரும். நல்ல அளவுதான். ஆனால் யன்னல் திறந்த ஹோலில் திரை மீது 200 லக்ஸ் (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) வெளிச்சம் விழுகிறது என்று வையுங்கள். அந்த வெளிச்சத்தால் மட்டும் வெள்ளைத் திரை 60 நிட்ஸுக்கு மேல் ஒளிரும். புரொஜெக்டரால் வெளிச்சத்தைக் கூட்டத்தான் முடியும், இருட்டைப் பாய்ச்ச முடியாது. ஆகவே படத்தில் கறுப்பாக இருக்க வேண்டிய இடமும் 60 நிட்ஸில் சாம்பலாக நிற்கும். வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் ஐந்து மடங்குக்குக் கீழே இறங்கிவிடும். கதாபாத்திரத்தின் கறுத்தத் தலைமுடியும் பின்னால் உள்ள நிழலும் ஒன்றாகிவிடும்.

பெட்டியில் பெரிய எண் அச்சிட்டு, உண்மையில் 200 லுமென் மட்டுமே தரும் மலிவுக் கருவி என்றால் அதே அறையில் அந்த விகிதம் 1.4க்கும் குறைவு. அதாவது படமே இல்லை.

டிவியின் முகப்பு கறுப்பு. அதே 200 லக்ஸ் அதில் பட்டால் பரவலாகத் திரும்பி வருவது ஒரு நிட்ஸ் அளவுதான். பகலிலும் அது தாக்குப்பிடிப்பதற்குக் காரணம் இதுவே. யன்னலின் நேரடிப் பிம்பம் விழுவது வேறு விடயம், அதைத் தனியாகப் பேச வேண்டும்.

இரவில் விளக்கை அணைத்துவிட்டால் நிலைமை தலைகீழ். 2000 லுமென் கருவியே சில நூறு மடங்கு விகிதத்தைத் தரும். காத்தான்குடியார் அன்று பார்த்த படம் உண்மையிலேயே அழகாக இருந்திருக்கும்.

கல்லடி வாசிக்கு ஒரு வேலை. கைத்தொலைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு, திரை வைக்கப்போகும் சுவரில் நண்பகலிலும் மாலையிலும் அளந்து எழுதுங்கள். செயலி துல்லியமாக இராது. ஆனாலும் ஐம்பதா முந்நூறா என்பதைக் காட்டிவிடும்.


காத்தான்குடிப் பந்து ரசிகன்:

டீச்சரின் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் சுவருக்குப் பக்கத்திலேயே வைத்து மேல்நோக்கிப் பாய்ச்சும் லேசர் புரொஜெக்டர்கள் இப்போது வருகின்றனவே. மேலிருந்து வரும் வெளிச்சத்தைத் தள்ளிவிடும் சாம்பல் நிறத் தனித்திரையும் அவற்றுக்கு உண்டு. 20,000 மணித்தியாலம் உழைக்கும் என்கிறார்கள். பல்பு மாற்றும் தொல்லையும் இல்லை.


அக்கரைப்பற்று பௌதிகவியல்:

உண்மை, அவை நல்ல கருவிகள். அந்தத் திரை கீழிருந்து வரும் ஒளியை உங்கள் பக்கம் திருப்பி, மேலிருந்து வருவதை விலக்கும். டியூப் லைட் வெளிச்சத்துக்கு அது நன்றாக உதவும், பக்கவாட்டு யன்னலுக்கு அந்த அளவு உதவாது. திரை கண்ணாடித் தகடுபோல் சமதளமாகவும் இருக்க வேண்டும். ஒளி மிகச் சாய்வாகப் படுவதால் ஒரு சிறு மடிப்பும் படத்தில் அலையாகத் தெரியும். சுருட்டித் தொங்கவிடும் திரை கடற்காற்றில் அசைந்தால் முகங்களும் சேர்ந்து அசையும். சட்டம் பூட்டிய திரையையும் சேர்த்து விலை கேளுங்கள். மூன்று இலட்சம் அதற்குப் போதாது என்றே நினைக்கிறேன்.


சம்மாந்துறை வயல்வெளி:

விளக்குள்ள புரொஜெக்டர் என்றால் மின்கட்டணத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது ஏறத்தாழ 300 வாட் எடுக்கும். 65 அங்குல எல்.ஈ.டி. டிவிக்கு 100 முதல் 150 வாட் போதும். நாளுக்கு ஐந்து மணித்தியாலம் என்றால் மாதம் ஒன்றுக்குப் புரொஜெக்டருக்கு 45 யூனிட், டிவிக்கு ஏறத்தாழ 20 யூனிட். நம் நாட்டில் 60, 90, 120 என்று படி ஏற ஏற யூனிட் விலையும் ஏறுகிறது. அந்த 25 யூனிட்டே ஒரு வீட்டை அடுத்த படிக்குத் தள்ளிவிடும். விளக்கின் ஆயுளும் பொதுவாக 3000 முதல் 5000 மணித்தியாலம் வரைதான். நீங்கள் சொல்லும் பாவனைக்கு இரண்டு மூன்று வருடத்தில் புது விளக்கு தேவைப்படும்.


திருக்கோவில் கடலோரம்:

எல்லாரும் ஓ.எல்.ஈ.டி.யைத் தாண்டிப் போகிறீர்கள், அது நியாயமில்லை. என் வீட்டில் 55 அங்குல ஓ.எல்.ஈ.டி. இருக்கிறது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். இரவுக் காட்சியில் வானம் கறுப்பென்றால் கறுப்புத்தான். பின்விளக்கு கசிந்து ஓரங்கள் வெளிறுவதில்லை. பாயில் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பவருக்கும் நடுவில் இருப்பவருக்கும் நிறம் ஒன்றே. பந்து ஓடும்போது இழுபடுவதும் இல்லை.

2007இல் சோனி முதன்முதலில் விற்ற ஓ.எல்.ஈ.டி. டிவி 11 அங்குலம் மட்டுமே. 2013இல் எல்ஜி 55 அங்குலத்தைக் கொண்டுவந்தது. அதன் பிறகு எவ்வளவோ முன்னேறிவிட்டது. படத்தை நேசிப்பவர் ஒருமுறை இதைப் பார்த்தால் வேறு திரைக்குத் திரும்ப மனம் வராது. விலை அதிகம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பத்து வருடத்துக்கு ஒருமுறை வாங்கும் பொருளுக்குக் காசைப் பார்ப்பதா?


வாழைச்சேனைப் பழுது மேசை:

படத்தைப் பற்றித் திருக்கோவில் அண்ணன் சொன்னதில் ஒரு சொல்லும் மிகையில்லை. எல்லாவற்றிலும் அழகான படம் அதுதான். நான் கேட்பது, உங்கள் வீட்டில் செய்தி எத்தனை மணித்தியாலம் ஓடுகிறது?

செய்தி அலைவரிசையில் மூலைச் சின்னமும் கீழே ஓடும் பட்டையும் ஒரே இடத்தில் நிற்கின்றன. கேமிலும் புள்ளிப் பலகை அசையாது. ஓ.எல்.ஈ.டி.யின் ஒளிரும் சேர்மம் பாவிக்கப் பாவிக்கத் தேயும். ஓர் இடம் மட்டும் அதிகம் தேய்ந்தால் அந்தச் சின்னத்தின் நிழல் நிரந்தரமாகப் பதிந்துவிடும். பல வகை நிகழ்ச்சிகளை மாற்றி மாற்றிப் பார்க்கும் வீட்டில் இது வர நீண்ட காலம் எடுக்கும். அப்பா காலையும் இரவும் ஒரே அலைவரிசை பார்க்கும் வீட்டில் அந்த நம்பிக்கையை என்னால் தர முடியாது.

நம் ஊருக்கென்று ஒரு சிக்கலும் இருக்கிறது. இந்தப் பெட்டிகள் சில மணித்தியாலம் ஓடிய பின், ரிமோட்டில் அணைத்ததும், காத்திருப்பு நிலையில் தாமாகவே திரையைச் சீர்செய்துகொள்ளும். தேய்மானத்தைச் சமப்படுத்துவது அந்த வேலைதான். நாமோ படுக்கப் போகும்போது சுவர் சுவிட்சையே அணைத்துவிடுகிறோம். மின்சாரம் இல்லாவிட்டால் அந்த வேலை நடக்காது. அப்படிப் பாவித்தால் நிழல் விரைவில் தெரியத் தொடங்கும்.


திருக்கோவில் கடலோரம்:

இதைக் கடையில் ஒருவரும் சொல்லவில்லை. ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலில் பிளக்கைக் கழற்றாமல் இருக்கவும் முடியாதே. பிறகு என்ன செய்வது?


வாழைச்சேனைப் பழுது மேசை:

ரிமோட்டில் அணையுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். உள்ளே ரிலே 'டிக்' என்று ஓசை எழுப்பி ஓய்ந்த பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். வானம் இருண்டு இடி கிட்ட வந்துவிட்டால் காத்திருக்கவே வேண்டாம், உடனே கழற்றுங்கள், திரையை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். பிளக்கோடு டிஷ் கேபிளையும் அன்டெனாக் கேபிளையும் கழற்ற வேண்டும். மின்னலில் போய் என்னிடம் வரும் பெட்டிகள் பலவற்றில் மின்பலகை நன்றாக இருக்கும், கேபிள் வந்த வழியே பாய்ந்ததில் எச்.டி.எம்.ஐ. பகுதிதான் எரிந்திருக்கும். ஸ்டெபிலைசர் வைத்திருக்கிறேன், பயமில்லை என்பார்கள். அது மின்னழுத்தம் ஏறி இறங்குவதைச் சமாளிக்கும் கருவி, மின்னலுக்குக் காவல் இல்லை.


கல்லடி வாசி:

இவ்வளவு விளக்கமாக எழுதிய எல்லாருக்கும் நன்றி. மூன்று கேள்விகள். கியூ.எல்.ஈ.டி. என்பது ஓ.எல்.ஈ.டி. போன்றதா? பிளாஸ்மாவை எடுக்கலாமா? மைத்துனர் கட்டாரில் வாங்கிக் கொண்டுவருவதில் ஏதாவது சிக்கல் உண்டா?


புளியந்தீவு பழைய ரசிகன்:

பிளாஸ்மாக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு அதன் மீது பெரிய மதிப்பு உண்டு. பிளாஸ்மாவில் ஒவ்வொரு சிறு அறைக்குள்ளும் வாயு மின்னூட்டப்பட்டு, பொஸ்பர் பூச்சை ஒளிர வைக்கும். கறுப்பும் வேகமான அசைவும் அந்தக் காலத்து எல்.சி.டி.யைவிட (திரவப் படிகத் திரை) பல படி மேல். இருந்தும் பனாசொனிக் 2013 முடிவில் தயாரிப்பை நிறுத்திவிட்டது. சாம்சங்கும் எல்ஜியும் 2014இல் விலகிக்கொண்டன. இன்று கைக்கு வரும் பெட்டி எதுவானாலும் பத்து வயதைத் தாண்டியதுதான். உதிரிப் பாகம் கிடையாது. மின்சாரத்தையும் வெப்பத்தையும் பற்றிச் சம்மாந்துறைத் தம்பியிடம் கேளுங்கள். மலிவு என்பதற்காக எடுக்க வேண்டாம்.

பெரிய பெட்டிக்குள் புரொஜெக்டரை வைத்துப் பின்னாலிருந்து திரைக்குப் பாய்ச்சும் டிவிகளும் ஒரு காலம் கோலோச்சின. முதலில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று குழாய்கள் வைத்தவை வந்தன. பிறகு நுண்ணிய கண்ணாடிகளால் ஒளியைத் திருப்பும் டி.எல்.பி. வந்தது. அந்தக் கண்ணாடிகள் பதித்த சில்லை (சிப்) 1987இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் லாரி ஹார்ன்பெக் கண்டுபிடித்தார். தட்டைத் திரையின் விலை இறங்க இறங்க அவ்வகை டிவிகள் மறைந்தன. கடைசி வரை செய்துகொண்டிருந்த மிட்சுபிஷியும் 2012இல் நிறுத்தியது. அந்தக் கண்ணாடிச் சில்லு மட்டும் இன்றைய புரொஜெக்டர்களில் உயிரோடு இருக்கிறது. ஒரு சில்லில் நிறங்களை மாறி மாறிக் காட்டுவதால் சிலரின் கண்ணுக்கு ஓரங்களில் வானவில் போலத் தெறிக்கும். எப்சன் பாவிக்கும் மூன்று எல்.சி.டி. முறையில் அது இராது.


அக்கரைப்பற்று பௌதிகவியல்:

கியூ.எல்.ஈ.டி. என்பது எல்.சி.டி.தான். ஓரெழுத்து வித்தியாசத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். திரவப் படிகம் தானாக ஒளிராது, பின்னால் உள்ள விளக்கின் ஒளியைத் திறந்து மூடும் கதவு அது. எல்.ஈ.டி. டிவி என்றால் அந்தப் பின்விளக்கு எல்.ஈ.டி. என்று பொருள். அந்த ஒளியின் பாதையில் குவாண்டம் புள்ளிகள் பூசிய ஒரு தாளை வைத்தால் சிவப்பும் பச்சையும் மிகத் தூய்மையாக வரும். அதைத்தான் சாம்சங் 2017 முதல் இந்தப் பெயரில் விற்கிறது. இந்தப் புள்ளிகளைக் கண்டறிந்து உருவாக்கிய மூவருக்கு 2023இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. என் மாணவர்களுக்கு இதை உதாரணமாகச் சொல்வேன், அவர்கள் வீட்டிலேயே இருக்கும் நோபல் பரிசு இது!

ஆனால் நிறம் தூய்மையானதால் கறுப்பு கறுப்பாகிவிடாது. கறுப்பைத் தீர்மானிப்பவை இரண்டு. முதலாவது, பின்விளக்கு எப்படி அமைந்திருக்கிறது என்பது. ஓரத்தில் மட்டும் விளக்கு வைத்தவை, பின்னால் முழுவதும் வைத்தவை, முழுவதும் வைத்து அவற்றைப் பகுதி பகுதியாகத் தனித்தனியே மங்க வைப்பவை என்று மூன்று வகை. கடைசி வகையே மேல். அந்த விளக்குகளை மிகச் சிறியனவாக்கி, நூற்றுக்கணக்கான பகுதிகளாகப் பிரித்தால் அது மினி எல்.ஈ.டி. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வரும்போது சுற்றிலும் ஒரு மெல்லிய ஒளிவட்டம் தெரியும், அதுதான் அதன் குறை. பகலில் அது கண்ணுக்குப் படாது.

இரண்டாவது, திரவப் படிகத்தின் வகை. வி.ஏ. வகையில் கறுப்பு ஆழம், விகிதம் 3000 மடங்குக்கும் மேல் போகும். ஆனால் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் நிறம் வெளிறும். ஐ.பி.எஸ். வகை ஏறத்தாழ 1000 மடங்குதான், ஆனால் பக்கத்தில் இருப்பவருக்கும் நிறம் மாறாது. பாய் விரித்துப் பரவலாக உட்காரும் வீட்டுக்கு இது சின்ன விடயம் இல்லை. நேராக நான்கைந்து பேர் உட்காருவதுதான் வழக்கம் என்றால் நான் வி.ஏ.யைத் தெரிவு செய்வேன்.


சம்மாந்துறை வயல்வெளி:

கட்டார் டிவி பற்றி. மின்னழுத்தம் பிரச்சினை இல்லை, பெரும்பாலான பெட்டிகள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். உத்தரவாதம்தான் பிரச்சினை. அங்கே வாங்கியதற்கு இங்குள்ள முகவர் பொறுப்பேற்பாரா என்பதை வாங்குவதற்கு முன் எழுத்தில் கேளுங்கள். அன்டெனா அலைகளைப் பிடிக்கும் டியூனரும் வேறு. இலங்கை 2014இல் டிஜிட்டல் ஒளிபரப்புக்கு ஜப்பானின் ஐ.எஸ்.டி.பி.-டி முறையைத் தெரிவு செய்தது. வளைகுடாவுக்கென்று வரும் பெட்டிகளில் பெரும்பாலும் ஐரோப்பிய டி.வி.பி. முறைதான் இருக்கும். டிஷ் பெட்டி வைத்துப் பார்ப்பவருக்கு இது பொருட்டில்லை. 65 அங்குலக் கண்ணாடியை விமானத்திலும் பிறகு கட்டுநாயக்காவிலிருந்து வான் வண்டியிலும் கொண்டுவருவதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது.


கல்முனை விற்பனையாளன்:

நான் மின்பொருள் கடையில் நிற்பவன். கடைக்கு வரும்போது செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன், இவற்றைக் கேட்டு வருபவர் குறைவு.

ஒரு பென் டிரைவ் கொண்டுவாருங்கள். அதில் நீங்கள் வழக்கமாகப் பார்ப்பவையே இருக்கட்டும்: செய்தி, ஓர் இரவுக் காட்சி, கிரிக்கெட்டில் பந்து எல்லைக் கோட்டுக்கு ஓடும் ஒரு துண்டு. நாங்கள் ஓடவிடும் பூவும் கிளியும் எந்தத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும். திரை கடைக்கான பளிச்சென்ற முறையில் இருக்கும், அதை 'சினிமா' அல்லது 'நோர்மல்' முறைக்கு மாற்றச் சொல்லுங்கள். பக்கவாட்டில் நடந்து பாருங்கள். தரையில் உட்கார்ந்தும் பாருங்கள், உங்கள் வீட்டில் பாய் உண்டு என்றீர்களே. யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

'மோஷன் 200' என்று பெட்டியில் எழுதியிருந்தால் திரை நொடிக்கு 200 முறை மாறுகிறது என்று பொருளல்ல. திரையின் உண்மையான ஹேர்ட்ஸ் 60ஆ 120ஆ என்று கேளுங்கள். மருமக்களின் கேமுக்கு 120 நல்லது. அப்பாவின் செய்திக்கு 60 தாராளம்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். 55இலிருந்து 65க்குப் போனால் பரப்பு ஏறத்தாழ நாற்பது வீதம் கூடுகிறது. நல்ல பின்விளக்குள்ள 55ஆ, சாதாரணமான 65ஆ என்று காசு இழுத்தால் நான் 55ஐத்தான் கையில் தருவேன். மற்றவர்கள் வேறு சொல்லக்கூடும்.


காத்தான்குடிப் பந்து ரசிகன்:

நான் வேறுதான் சொல்வேன். கூட்டமாகப் பார்க்கும் வீட்டுக்கு 65க்குக் குறைந்து வேண்டாம். பின்னால் இருக்கும் பிள்ளைக்கு ஸ்கோர் தெரிய வேண்டும்.


அக்கரைப்பற்று பௌதிகவியல்:

இருவர் சொல்வதும் தூரத்தைப் பொறுத்தது. 65 அங்குலத்துக்கு எட்டரை, ஒன்பது அடித் தூரம் வசதியானது. பன்னிரண்டு அடியிலிருந்து பார்த்தால் 4கே, முழு எச்.டி. என்ற இரண்டு நுணுக்க அளவுகளுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சாதாரணக் கண்ணால் பிரிக்க இயலாது, அங்கே அளவுதான் பேசும். ஆனால் நம் சாதாரண ஒளிபரப்பு 576 வரிகள் மட்டுமே. அதை 65 அங்குலத்துக்கு இழுத்தால் கிட்ட உட்காருபவருக்கு முகங்கள் குழம்பித் தெரியும். அம்மா எவ்வளவு தூரத்தில் உட்காருகிறார்?


கல்லடி வாசி:

டீச்சர், அம்மாவும் மாமியும் ஒன்பது அடியில், பிரம்புக் கதிரைகளில், திரைக்கு நேராகவே உட்காருகிறார்கள். கிரிக்கெட் நாளில் மட்டும்தான் பக்கத்தில் பரவுவோம்.

லக்ஸ் அளந்தேன். இப்போது டிவி இருப்பது யன்னல்களுக்கு நேரெதிரே மேற்குச் சுவரில். அங்கே காலை ஒன்பதுக்கு 400க்கு மேல், நண்பகலில் 250, இரவு டியூப் லைட்டில் 70. தெற்குச் சுவரில் காலையிலும் 150ஐத் தாண்டவில்லை.

வீட்டாரோடு பேசினேன். புரொஜெக்டர் இப்போதைக்கு வேண்டாம். ஓ.எல்.ஈ.டி.யில் ஆசை இருக்கிறது, ஆனால் அப்பாவின் செய்தியை என்னால் மாற்ற முடியாது, மாற்றச் சொல்லவும் மனமில்லை. பகுதி பகுதியாக மங்கும் பின்விளக்குள்ள வி.ஏ. டிவி, 65 அங்குலம், இங்கேயே உத்தரவாதத்தோடு. இதுதான் முடிவு. மினி எல்.ஈ.டி. காசுக்குள் வந்தால் அதுவே. மைத்துனரிடம் சவுண்ட்பார் ஒன்று கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், அவருக்கும் மனக்குறை இல்லை.


திருக்கோவில் கடலோரம்:

உங்கள் வீட்டுக்கு அது சரி. அடுத்த முறை இந்தப் பக்கம் வந்தால் இரவில் என் வீட்டுக்கு வாருங்கள், கறுப்பு என்றால் என்ன என்று காட்டுகிறேன்.


அக்கரைப்பற்று பௌதிகவியல்:

தெற்குச் சுவருக்கே மாற்றுங்கள். யன்னலுக்கு நேரெதிரே எந்தத் திரையை வைத்தாலும் காலையில் கடலும் வானமும்தான் அதில் தெரியும். யன்னலுக்குச் செங்குத்தான சுவரில் அந்தப் பிம்பம் ஒரு பக்கமாக விலகிப்போகும். உயரத்தையும் பாருங்கள். உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டம் திரையின் நடுப்பகுதிக்குக் கிட்ட இருக்கட்டும். நம் வீடுகளில் கூரையோரத்தில் மாட்டிவிடுகிறார்கள். கழுத்தும் நோகும், வி.ஏ. திரையில் நிறமும் வெளிறும்.


வாழைச்சேனைப் பழுது மேசை:

நல்ல முடிவு. பூட்டும்போது கவனிக்க வேண்டியவை மட்டும் சொல்கிறேன். உங்கள் சுவர் சீமெந்துக் கல் என்றால் உள்ளே குழி இருக்கும். சாதாரண பிளாஸ்டிக் ஆப்பு 65 அங்குலத்தைத் தாங்காது, குழிக்கல்லுக்கென்று உள்ள ஆப்பு வாங்குங்கள். கடல் கிட்ட என்பதால் ஆணிகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் நான்கு விரல் இடம் விடுங்கள், காற்றுப் போகட்டும். டிஷ் கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் வெளியே கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள். மாரி மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், கேபிள் வழியே உள்ளே வராது.

ஓடத் தொடங்கியதும் பின்விளக்கை நூறில் வைக்காமல் அறுபது, எழுபதுக்கு இறக்குங்கள். இந்த வகையில் முதலில் சாவது பின்விளக்குப் பட்டிதான். சூடு குறைந்தால் பல வருடம் கூட உழைக்கும்.

பழைய 32 அங்குலத்தை எறிந்துவிட வேண்டாம். இரவில் அதைப் போட்டு, இருண்ட கீழ்ப்பாதியில் டார்ச் அடித்துக் கிட்டப் பாருங்கள். உள்ளே படம் மங்கலாக அசைந்தால் திரை நன்றாக இருக்கிறது, பட்டி மட்டும்தான் போயிருக்கிறது. கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறேன். மருமக்கள் கேமை அறைக்குள் வைத்துக்கொள்வார்கள், ஹோலில் அம்மாவின் நாடகத்துக்கு இடைஞ்சல் இராது.


கல்லடி வாசி:

டார்ச் அடித்துப் பார்த்தேன் அண்ணன், படம் தெரிகிறது. சனிக்கிழமை காலை கொண்டுவருகிறேன்.